ஐந்தாம் நம்பர் கொம்புக் குச்சி

எல்லாவற்றுக்கும் என் வாய்தான் காரணம். வேறு யார் மேல் பழி போட்டும் பிரயோசனமில்லை. அறுபத்து நாலாம் வருடம் ஆனி மாதக் கடைசியில், பம்பாய் மாட்டுங்கா லேபர் கேம்பில், எங்கள் ஒற்றை அறையில் வைத்து என் மகள் சொர்ணத்துக்கு நிச்சயம் நடந்தது. மாப்பிள்ளை செல்லப்பாண்டி, ட்ராம்பே பக்கம் ஓர் ஆலையில் ஃபிட்டர். அவன் தாயார் மீனாட்சியம்மாள் திலக் நகரிலிருந்து டாக்ஸி பிடித்து வந்திருந்தாள். தட்டில் பழம், பூ, சேலையோடு ஒரு சின்னப் பெட்டியும் இருந்தது. பெட்டிக்குள் ஒரு ஜோடி சிவப்புக்கல் கம்மல்.

அது மீனாட்சியம்மாளுக்கு அவள் மாமியார் போட்ட கம்மல். அந்தக் காலத்தில் பெண்களுக்குக் காது வளர்ப்பார்கள் அல்லவா, அப்படி வளர்த்த காதுக்காகச் செய்தது. பின்னால் திருகு பூட்டுகிற தண்டு பென்சில் தடிமன் இருந்தது. என் மகள் காதிலோ ஈர்க்குச்சி நுழைகிற அளவுக்குத்தான் துளை. பம்பாயில் பிறந்த பிள்ளை, சின்னக் கம்மல் தவிர வேறெதையும் போட்டதில்லை.

"தண்டு தடியா இருக்கு அண்ணாச்சி," என்றாள் மீனாட்சியம்மாள். "எங்க ஆசாரிகிட்டக் குடுத்து மெலிசாக்கித் தாரேன். முகூர்த்தத்தன்னைக்கு என் கையால பூட்டணும், அதான் என் ஆசை."

சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அதோடு முடிந்தது. சபையில் நாலு பேர் இருந்தால் எனக்கு நாக்கு சும்மா கிடக்காது.

"ஆசாரி எதுக்கு?" என்றேன். "பெரியவங்க போட்ட நகையில கை வைக்கலாமா? முகூர்த்தத்துக்கு முப்பத்தெட்டு நாள் கெடக்கு. காதைத் தண்டுக்கு ஏத்தாப்புல நான் கொண்டாந்துருதேன். பதினெட்டு வருசமா தோலோடதான் பொழங்குதேன். தோலைப் பத்தி எனக்குத் தெரியாததா?"

எல்லாரும் சிரித்தார்கள். "அப்பம் உங்க பொறுப்பு," என்று சொல்லி மீனாட்சியம்மாள் பெட்டியை என் கையில் வைத்தாள். சொர்ணத்தின் கை தானாகவே காதுக்குப் போனதை நான் பார்த்தேன். பார்த்தும் பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன்.

எனக்குத் தாராவியில் தோல் பதனிடுகிற கிடங்கில் வேலை. விறைத்துப்போன எருமைத் தோலை ஊறப்போட்டு, இளக்கி, இழுத்து, ஆணி அடித்து, ஒரு நாள் விட்டு மறுபடி இழுத்துச் சொன்ன அளவுக்குக் கொண்டுவருவேன். என் கையில் கிழிந்த தோல் குறைவு. அந்தத் திமிர்தான். ஈரமாக்கு, கொஞ்சமாக இழு, காத்திரு, மறுபடி இழு. எருமைக்குச் செல்வது என் மகளுக்குச் செல்லாதா என்று நினைத்தேன். ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். என்னிடம் வருகிற தோல் எல்லாம் செத்த தோல், அது வலிக்கிறது என்று சொல்லாது.

கிடங்கு வாசலில் கழித்துப்போட்ட கொம்புகள் குவிந்து கிடக்கும். மரக்குச்சி சிராய் ஏறும், கொம்பு வழவழப்பாக இருக்கும் என்று ஒரு கொம்பை எடுத்து ஏழு குச்சி சீவினேன். ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் தடிமன். கடைசிக் குச்சி கம்மல் தண்டளவு. ஒவ்வொன்றிலும் ஊசியால் நம்பர் கீறினேன். ஐந்து நாளுக்கு ஒன்று, முப்பத்தைந்து நாள், மிச்சம் மூன்று நாள் ஓய்வு. கணக்கு அவ்வளவு அழகாக வந்தது.

எங்கள் மேஸ்திரி ரஹ்மத்துல்லா எட்டிப் பார்த்தார். அவரும் திருநெல்வேலிப் பக்கத்து ஆள்தான்.

"வே பூதத்தான், பச்சைக் கொம்பு அது. குப்பையில கெடந்தது. காதுல போடணும்னா நல்லா அவிச்சு எடும்."

"அவிச்சா கொம்பு இளகி வளைஞ்சிரும் மேஸ்திரி. இது கூடத் தெரியாதா எனக்கு?"

அவிக்கவில்லை. குழாயடியில் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தடவிக் கொண்டுபோனேன். எனக்குத் தொழில் தெரியும், பாருங்கள். தொழில் தெரிந்தவன் செய்கிற தப்புதான் இது. தெரியாதவனாக இருந்தால் வெந்நீரில் போட்டிருப்பான்.

பக்கத்து அறை சேசம்மாள் பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா. குச்சிகளைப் பார்த்ததும் அவள் முகம் சுளித்தாள்.

"ஒரு அளவு போட்டா ஒரு மாசமாவது விடணும் பூதத்தாண்ணே. வலி சுத்தமாப் போன பொறவுதான் அடுத்தது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவணும், வெந்நீர்ல உப்புப் போட்டுக் காதைத் துடைக்கணும். வலிச்சா உடனே எடுத்துறணும். ஏழு மாசத்து வேலையை நீங்க ஏழு அஞ்சு முப்பத்தஞ்சு நாள்ல முடிக்கப் பாக்கிய."

"உன் ஆஸ்பத்திரிச் சட்டத்தை ஆஸ்பத்திரியில வச்சுக்கோ."

"என்னமும் செய்யுங்க. பிள்ளை காது, பாத்துக்கோங்க."

முதல் குச்சி சிரமமில்லாமல் போனது. இரண்டாவதும் போனது. சொர்ணம் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு இந்தச் சம்பந்தம் பிடித்திருந்தது. செல்லப்பாண்டி பத்திரிகை காட்டுகிற சாக்கில் இரண்டு முறை வந்து, வாசலிலேயே நின்று, டீ குடிக்காமல் போயிருந்தான். இரண்டு முறையும் அவள் பித்தான் தைக்கிற வேலையைப் பாதியில் விட்டுவிட்டுத் தண்ணீர்க்குடத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். குடம் நிறைந்துதான் இருந்தது என்று முப்பிடாதி என்னிடம் சொல்லிச் சிரித்தாள். முப்பிடாதி என் மனைவி.

மூன்றாவது குச்சியில் தடை விழுந்தது. மழை பிடித்துக்கொண்டு விடவில்லை. தலைமுடி காயவில்லை, துணி காயவில்லை, காதும் காயவில்லை. துளையைச் சுற்றிச் சிவந்து கசிந்தது. ஐந்து நாள் பத்தாகி, பதினாலாகியும் நோவு போகவில்லை. முகூர்த்தத்துக்கு இன்னும் பதின்மூன்றே நாள். கையில் நாலு குச்சி மிச்சம். படுத்தால் எனக்கு அந்த நாலு குச்சிதான் கண்ணுக்குள் நின்றது.

"போதும்," என்றாள் முப்பிடாதி. "அந்தம்மாகிட்டப் போய், ஆசாரிக்கே குடுத்துருங்கன்னு சொல்லுவோம். அவ்வோ ஒண்ணும் சொல்ல மாட்டாவ."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்ல? சபையில சொன்ன வாக்கு!"

"உங்க மூஞ்சிக்கு என் மவ காதா கெடச்சுது?"

கையிலிருந்த டம்ளரைச் சுவரில் எறிந்தேன். சண்டையில் ஜெயித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முப்பிடாதி எங்கள் சின்ன மகனைக் கூட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போன நேரத்தில் சொர்ணத்தைக் கூப்பிட்டேன். இடது காதில் மூன்றாவதை எடுத்தேன். நாலாவதை எடுக்க வேண்டிய கை ஐந்தாவதை எடுத்தது. ஒரு படி தாண்டினால் ஐந்து நாள் மிச்சமாகும். தோலில் நான் இப்படிச் செய்ததுண்டு. அவசர ஆர்டர் வந்தால் கூடுதலாக எண்ணெய் போட்டு ஒரே இழுப்பில் இரண்டு நாள் வேலையை முடிப்பேன்.

"யப்பா, இது நாலா?"

"ம். கண்ணை மூடிக்கோ."

அவள் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டாள். நான் திருகினேன். தோல் கிழிந்து விடுகிறபோது கைக்குத் தெரியும். கிடங்கில் ஆயிரம் முறை தெரிந்திருக்கிறது. அன்றைக்கும் தெரிந்தது. குச்சிக்குக் கீழே பொட்டளவு ரத்தம் வந்தது. எண்ணெயை வைத்துத் துடைத்துவிட்டேன்.

"அம்மாகிட்டச் சொல்லாத. வலது காதுக்கு நாளைக்குப் போடுவோம்."

அவள் தலையாட்டினாள். கண்ணிலிருந்து தண்ணீர் கோடாக இறங்கியது. நல்ல பிள்ளை. அவள் கொஞ்சம் அடங்காத பிள்ளையாக இருந்திருக்கக் கூடாதா என்று பிற்பாடு எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன்.

மறுநாள் வலது காதுக்குப் போடக் கை வரவில்லை. இடது காது வீங்கியிருந்தது. செவ்வாய்க்கிழமை அவள் முடியை இறக்கி முன்னால் விட்டுக்கொண்டாள். பக்கத்தில் போனால் ஒரு வாடை அடித்தது. அந்த வாடை எனக்குத் தெரியும். சரியாக உப்புப் போடாத தோலிலிருந்து வருகிற வாடை அது. முப்பிடாதி குழாயடிக்குப் போனதும் குச்சியைப் பிடுங்கினேன். சீழும் ரத்தமுமாகக் கொட்டியது. காதின் கீழ்ப்பாதி கறுத்திருந்தது. குச்சியைத் துடைத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் தூர எறியவில்லை என்று தெரியவில்லை.

புதன்கிழமை காலையில் அவளுக்கு உடம்பு கொதித்தது. முப்பிடாதி முடியை விலக்கிப் பார்த்துவிட்டு, "அய்யோ, என் பிள்ளை காது!" என்று தலையிலடித்துக்கொண்ட அதே நேரத்தில் வாசலில் டாக்ஸி வந்து நின்றது. ரவிக்கை அளவெடுக்க மீனாட்சியம்மாள் வந்திருந்தாள். உள்ளே வந்து பார்த்தாள்.

"தூக்குங்க. டாக்ஸி நிக்குது," என்றாள்.

முப்பிடாதி சின்னவனோடு வீட்டில் நின்றுகொண்டாள். டாக்ஸியில் மீனாட்சியம்மாள் சொர்ணத்தின் தலையை மடியில் வைத்துக்கொண்டு முந்தானையால் விசிறினாள். பாதி வழியில் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"காதுல என்ன போட்டிய அண்ணாச்சி?"

"துடைப்பக்குச்சிதான். எல்லாரும் போடுததுதான்," என்றேன்.

சொர்ணம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் வரிசை நீளமாக இருந்தது. எங்கள் முறை வந்தபோது டாக்டர் காதைப் பார்த்தார், சுரம் பார்த்தார். சின்ன வயதுக்காரர், மராட்டிக்காரர். காதில் என்ன போட்டிருந்தாய் என்று சொர்ணத்திடம் இந்தியில் கேட்டார்.

"கான் மே க்யா டாலா தா?"

நான் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். மீனாட்சியம்மாள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"ஜாடூ கா காடி, டாக்டர் சாப்," என்றாள் சொர்ணம். துடைப்பக்குச்சி. நான் சொன்ன அதே பொய்.

துருப்பிடித்த இரும்பு, சாணி, அழுக்கு ஏதாவது பட்டதா என்று அவர் கேட்டார். நஹி, நஹி என்றாள். அவர் பென்சிலின் ஊசி எழுதி, காலையில் மறுபடி கூட்டிவரச் சொன்னார்.

இப்போது நான் ஒன்று சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அந்தச் சமயம் எனக்கு ஒன்றும் தெரியாமல் இல்லை. நாலு வருடத்துக்கு முன்னால் எங்கள் கிடங்கில் வானமாமலை என்று ஒருவன் வேலை பார்த்தான். பச்சைத் தோல் அடிக்கிற ஆணி காலில் குத்தி, மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு வேலை செய்தான். எட்டாம் நாள் வாய் பூட்டிக்கொண்டது. பல்லும் பல்லும் கிட்டிப்போய் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. உடம்பு வில்லாக வளைந்து மூன்றாம் நாள் செத்தான். ரண ஜன்னி என்றார்கள். அதற்குப் பிறகு கிடங்கில் யாருக்குக் கீறல் விழுந்தாலும் தடுப்பூசிக்கு அனுப்பிவிடுவார்கள். இவ்வளவும் தெரிந்த நான்தான் அந்த அறையில் ஊமையாக நின்றேன். சம்பந்தியம்மாள் முன்னால் பொய்யன் ஆகிவிடுவேனே என்று பயம்.

பென்சிலின் போட்டுக்கொண்டு படியிறங்கினோம். மூன்றாவது படியில் என்னால் முடியவில்லை.

"தாயி, வாயைத் தொற."

"எதுக்குப்பா?"

"தொறன்னா தொற!"

திறந்தாள். பாதிதான் திறந்தது. "வலிக்குப்பா," என்றாள்.

காது வீங்கினால் தாடை வலிக்கும், அது அந்த வலிதான் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அப்போது வானமாமலையின் பல் தெரிந்தது. அப்படியே திரும்பி ஓடினேன். வரிசையில் நின்றவர்களை இடித்துத் தள்ளினேன். வராந்தாவிலிருந்தே கத்தினேன்.

"டாக்டர் சாப்! ஜூட்! சப் ஜூட்! ஜாடூ நஹி, சீங்! சம்டா கார்கானா கா சீங்! மைனே டாலா!"

பொய், எல்லாம் பொய், துடைப்பமில்லை, தோல் கிடங்குக் கொம்பு, நான்தான் போட்டேன் என்று எனக்குத் தெரிந்த இந்தி முழுவதையும் தொண்டை கிழியக் கொட்டினேன். வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பையிலிருந்த குச்சியை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தேன். அவர் அதைக் கையால் தொடாமல் பேனாவால் புரட்டினார். நாயே பேயே என்று திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் ஒரே ஒரு தரம் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பெண்ணைப் படுக்கவைக்கச் சொல்லி ஓடினார்.

ஜன்னி வராமல் தடுக்க, குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கிற மருந்தாம். முதலில் கையில் ஒரு துளி போட்டுத் தடிக்கிறதா என்று பார்த்தார்கள். தடிக்கவில்லை. பிறகு முழு ஊசி. காதில் கறுத்துப்போன கீழ்ப்பாதியை வெட்டி எடுத்துவிட வேண்டும் என்றார்கள். ஊசி போட்டாலும் உறுதி சொல்ல முடியாது, முதல் பத்து நாள்தான் பயம், வாய் திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

மீனாட்சியம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கதவோரம் நின்றாள். சொர்ணத்துக்குக் கட்டில் கிடைக்கிறவரை இருந்தாள். அவள் நெற்றியைத் தடவிவிட்டு, "வாரேன்," என்று சொல்லாமல் போனாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே வேலை. காலையில் கிடங்குக்குப் போகிற வழியில் ஆஸ்பத்திரி, சாயங்காலம் திரும்புகிற வழியில் ஆஸ்பத்திரி. ஆண்களை உள்ளே விடாத நேரத்தில் சேசம்மாள் வாட்ச்மேனிடம் சொல்லி விடுவாள். நான் சொன்னது நடந்துபோச்சு பார் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

"வாயைத் தொற தாயி."

சொர்ணம் என்னோடு பேசவில்லை. கூரையைப் பார்த்தபடி வாயைத் திறப்பாள். முதல் நாள் ஒரு விரல் அகலம், மூன்றாம் நாள் இரண்டு விரல். கட்டுக்குள் பாதிக் காதோடு கிடக்கிற மகளின் வாய்க்குள் குனிந்து பல்லை எண்ணுவேன். பிறகு வேலைக்குப் போவேன். கிடங்கில் தோலைத் தொட்டால் கை கூசும். தூரத்தில் யாராவது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஆஸ்பத்திரியிலிருந்துதான் ஆள் வந்துவிட்டது என்று தோலைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவேன். சோறு வாயருகே வந்தால் என் வாயைத் திறந்து மூடிப் பார்ப்பேன். எனக்குப் பைத்தியம் என்று ரஹ்மத்துல்லா நினைத்திருப்பார்.

ஆஸ்பத்திரியில் ஏழாம் நாள், முகூர்த்தத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, சாயங்காலம் மாப்பிள்ளையின் தாய்மாமா பிரம்மநாயகம் வீட்டுக்கு வந்தார். தன்மையான மனிதர். செருப்பை வெளியே விட்டுவிட்டு உட்காராமல் நின்றார்.

"பிள்ளை எப்படி இருக்கு அண்ணாச்சி?"

"தேவலை. முகூர்த்தத்தைத் தள்ளி வச்சுக்கிடலாம்னு நானே வரணும்னு இருந்தேன்."

அவர் தரையைப் பார்த்தார். "தள்ளி வைக்க வேண்டாம்னு அக்கா சொல்லிட்டாவ."

முப்பிடாதி அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். "காது போனதுக்கா அண்ணாச்சி? பாதிக் காதுதான போச்சு? முடியை இறக்கி வாரினா தெரியாதே!"

"காதுக்கு இல்லம்மா. நெசமாச் சொல்லுதேன், காதைப் பத்தி அக்கா பேசவே இல்ல. எம் மடியில தலையை வச்சுக்கிட்டுத்தான வந்தா, டாக்டரு மூணு தரம் கேட்டும் என் முகத்துக்கு நேர பொய் சொன்னாளே, நாளைக்கு எம் பையன்கிட்ட எதை மறைப்பாளோன்னு கேக்காவ. எங்களால பதில் சொல்ல முடியல."

நான் பேச வாயெடுத்தேன். அந்தப் பொய் என்னுடையது, டாக்ஸியில் முதலில் சொன்னது நான் என்று சொன்னேன். அதையும் அக்கா சொன்னாள், அப்பனும் மகளும் ஒரே மாதிரி என்று சொன்னாள் என்றார் அவர். செல்லப்பாண்டி என்ன சொல்கிறான் என்று முப்பிடாதி கேட்டாள். அம்மா பேச்சைத் தாண்ட மாட்டான் என்றார். கம்மல் பெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் பையில் வைத்துக்கொண்டார்.

முப்பிடாதி கஞ்சியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். சொல்ல வேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்பினேன். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் பிள்ளை கேட்டிருக்கிறாள். இவளால் மறைக்க முடியவில்லை.

மறுநாள் காலை எங்கள் வீட்டு வரிசையில் ஒரு சாவு. தூக்கிவிட்டு வர நேரமாகி, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நேரே கிடங்குக்கு வந்துவிட்டேன். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அத்தனை நாளில் நான் தவறவிட்டது அந்த ஒரு காலைதான்.

பத்து மணி இருக்கும். ஊறின தோலைத் தூக்கி வளைமரத்தின் மேல் போட்டுக்கொண்டிருந்தேன். கிடங்கு வாசலில் முப்பிடாதி நின்றாள். தலைமுடி அவிழ்ந்து, காலில் செருப்பில்லாமல், மூச்சிரைத்தாள். அவள் அந்தக் கிடங்கு வாசலை அதற்கு முன்னால் மிதித்ததே இல்லை.

"நேத்து சாயங்காலத்துல இருந்து ஒரு வாய் கஞ்சி எறங்கல. பல்லைக் கிட்டிச்சுக்கிட்டுக் கெடக்கா. நான் தொறக்கச் சொல்லியும் தொறக்கல, சேசம்மா சொல்லியும் தொறக்கல. பேச்சே இல்ல. டாக்டரு ஆபரேசன்ல இருக்காராம். வாங்க, ஓடி வாங்க!"

தோல் கையிலிருந்து நழுவிச் சேற்றில் விழுந்தது. நான் ஓடினேன். சுண்ணாம்புக் கையோடு, முழங்கால்வரை நனைந்த வேட்டியோடு ஓடினேன். முப்பிடாதி பின்னால் வருகிறாளா என்றுகூடப் பார்க்கவில்லை. எட்டாம் நாள், எட்டாம் நாள் என்று மண்டைக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. வானமாமலைக்கும் எட்டாம் நாள்தான். இவளுக்குக் குச்சி போட்டது ஞாயிற்றுக்கிழமை, அப்படிப் பார்த்தால் இன்றைக்குப் பதினோராவது நாள், பயம் தாண்டியிருக்க வேண்டும். பிடுங்கின நாளிலிருந்து எண்ணினால் ஒன்பதுதான். எதிலிருந்து எண்ணுவது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே! பிள்ளையார் கோயிலைத் தாண்டும்போது ஒரு கும்பிடு போடக்கூட நிற்கவில்லை. நின்றால் அந்த ஒரு நிமிடத்தில் ஏதாவது ஆகிவிடும் என்று தோன்றியது. எந்தச் சாமியைக் கேட்டேன், முருகனையா மாடனையா, தெரியாது. அவள் காது இரண்டும் போகட்டும், கல்யாணம் போகட்டும், என் வேலை, என் மானம், எல்லாம் போகட்டும், அந்த வாய் மட்டும் திறக்கட்டும் என்று கேட்டுக்கொண்டே ஓடினேன்.

வார்டில் சொர்ணம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். போர்வை மூடிய முதுகு விறைப்பாக இருந்தது. கட்டிலடியில் கஞ்சிக் கிண்ணம் ஏடு படர்ந்து அப்படியே இருந்தது.

"தாயி."

அசையவில்லை.

"தாயி, வாயைத் தொற."

முகத்தைத் திருப்பினேன். கண் திறந்துதான் இருந்தது. என்னையே பார்த்தாள். உதடு ஒட்டியிருந்தது. தாடையில் கை வைத்துப் பார்த்தேன். கல்லாக இறுகியிருந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கரண்டியை எடுத்து அவள் உதட்டில் வைத்தேன், கரண்டி பல்லில் பட்டு டக் டக் என்றது. கஞ்சி வழிந்து கழுத்தில் இறங்கியது.

"தொற தாயி. அப்பா சொல்லுதேம்லா. ஒரு தரம். ஒரே ஒரு தரம் தொறந்துரு. அதுக்குப் பொறவு உன்ன ஒண்ணும் கேக்க மாட்டேன். சேசம்மா! ஏ சேசம்மா! டாக்டரைக் கூப்பிடு! எம் மவளுக்கு வாய் பூட்டிக்கிட்டு!"

நான் கத்திய கத்தில் வார்டில் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். சொர்ணம் என் கையைத் தட்டிவிட்டாள். கரண்டி எங்கேயோ போய் விழுந்தது. எழுந்து உட்கார்ந்தாள்.

"கத்தாதீய!" என்றாள். "மறுபடியும் கத்துதியளா? எனக்கு ஒண்ணும் பூட்டிக்கல! நான்தான் தொறக்கல! உங்க மூஞ்சியப் பாத்துத் தொறக்கப் புடிக்கல!"

குனிந்து கரண்டியைத் தேடினேன்.

"யாருக்காகப் பொய் சொன்னேன்? சொல்லுங்க! டாக்ஸியில துடைப்பக்குச்சின்னு சொன்னது நீங்க! அந்தம்மா முன்னால உங்க மானம் போயிரக் கூடாதுன்னுதான நானும் அதையே சொன்னேன்! இப்பம் நான் பொய்க்காரி! நீங்க உண்மையச் சொன்ன மவராசன்!"

"தாயி, உனக்கு என்னமும் ஆயிரும்னு..."

"டாக்டர்கிட்டப் போய்க் காதோடு காதாச் சொல்லியிருக்கலாம்லா? உள்ள போய், கதவைச் சாத்திட்டு, மெல்லச் சொல்லியிருக்கலாம்லா? ஊரே கேக்கணுமா? அந்தம்மா கேக்கணுமா? பெருமையடிச்சாலும் கத்துவிய, உண்மையச் சொன்னாலும் கத்துவிய! உங்களுக்கு எதுக்கும் சபை வேணும்!"

அவள் சொன்னது அத்தனையும் நிஜம். மெல்லச் சொல்லியிருக்கலாம். மூன்று படி ஏறி, கதவைத் தட்டி, குச்சியைக் காட்டியிருந்தால் போதும். எனக்கு அது அப்போதும் தோன்றவில்லை, அவள் சொல்கிறவரை எட்டு நாளும் தோன்றவில்லை.

"எனக்கு அவ்வோளப் புடிச்சிருந்துதுப்பா!" என்று அவள் வாயைக் கோணிக்கொண்டு அலறினாள். "காது வலிச்சப்பல்லாம் பொறுத்துக்கிட்டேன்லா! வேண்டாம்னு ஒரு தரம் சொன்னேனா? எனக்குப் புடிச்சிருந்துதுல்லா!"

சத்தத்தை நிறுத்து, இது ஆஸ்பத்திரி என்று நர்ஸ் ஒருத்தி ஓடிவந்தாள். "ஏ லட்கி! ஆவாஸ் பந்த் கரோ! யே ஹாஸ்பிட்டல் ஹை!"

"சிஸ்டர், வேண்டாம்," என்று கையெடுத்துக் கும்பிட்டேன். "அவ கத்தட்டும்."

எனக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவள் அழுதுகொண்டே கத்தினாள். வாய் முழுக்கத் திறந்தது. மேல் வரிசை தெரிந்தது, கீழ் வரிசை தெரிந்தது, கடைவாய்ப் பல் தெரிந்தது, உள்நாக்கு தெரிந்தது. மூன்று விரல் தாராளமாகப் போகும். அப்போதுதான் வந்து சேர்ந்த முப்பிடாதி வாசலிலேயே சரிந்து உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சொர்ணம் மூச்சு வாங்குவதற்காக நிறுத்தினாள்.

"நிறுத்தாத தாயி," என்றேன். "இன்னும் ஏசு."